கிழக்கிலிருந்து காலிக் கோட்டைக்கு: மதில் மேல் ஒரு பின்னேரமும் ஒரு காலையும்

மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் காலிக்குப் போகும் வேன்கள் பெரும்பாலும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. கதிர்காமத்தில் கும்பிட்டு, மத்தியானம் ஒரு மணிக்குக் கோட்டை வாசலில் வந்து நிற்கின்றன. உச்சி வெயிலில் மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழ் ஒரு படம், வெளிச்சவீட்டின் கீழ் இன்னொரு படம், ஐஸ்கிறீம் ஒன்று. மூன்று மணிக்கு வேன் புறப்பட்டுவிடும். மதிலில் ஏறியவர்களும் கால் சுட்டு இறங்கி வந்திருப்பார்கள்.

காலிக் கோட்டையைப் பார்ப்பதென்றால் முதலில் அதன் மதிலில் நடப்பதுதான். அந்த மதிலில் நிழல் கிடையாது. ஆகவே பின்னேரம் நான்கரைக்குப் பிறகும் காலை எட்டரைக்கு முன்பும்தான் அங்கே நடக்கலாம். இந்த இரண்டு நேரமும் வேண்டுமென்றால் ஓர் இரவு அங்கே தங்கத்தான் வேண்டும். கீழே உள்ள ஒழுங்கு முழுவதும் அந்த ஓர் இரவை வைத்துப் போட்டது.

எந்த மாதம்

நமக்கு மழை கொட்டும் காலமும் காலிக்கு மழை கொட்டும் காலமும் வேறுவேறு. மட்டக்களப்பில் நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளம். காலியில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கடலும் கொந்தளிக்கும். அக்டோபர், நவம்பரில் காலை நன்றாக இருந்து பின்னேரம் இடியோடு மழை பிடிக்கும். மேற்கு மதிலில் நடக்கும் நேரம் அதோடு போய்விடும். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் இறுதி வரை நல்ல காலம். டிசம்பர் பள்ளிக்கூட விடுமுறையில் இங்கே வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதை விட அங்கே போவது புத்தி. ஆனால் அதே மாதத்தில்தான் வெளிநாட்டவரும் வந்து குவிவார்கள். கோட்டைக்குள் அறை வாடகை ஏறிவிடும். ஏப்ரல் புத்தாண்டு வாரத்தைத் தவிருங்கள். கடைகள் பூட்டு, பஸ்கள் குறைவு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோட்டைக்குள் முஸ்லிம் கடைகள் ஜும்ஆவுக்குப் பூட்டியிருக்கும். அரச விடுமுறையில் அரும்பொருட்காட்சியகமும் பூட்டியிருக்கும். காலி மைதானத்தில் டெஸ்ட் போட்டி நடக்கும் நாள்களில் கோட்டை வாசலைச் சுற்றி நெரிசல். ஆனால் கிரிக்கெட் பைத்தியங்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை: மைதானம் கோட்டை மதிலுக்கு நேர் கீழே இருக்கிறது, மதிலில் நின்றே ஆட்டம் பார்க்கலாம்.

போகும் வழி

வேன் பிடித்துப் போகும் குடும்பத்துக்குத் தெற்குப் பாதைதான் சரி. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, கதிர்காமம். பிறகு மத்தலையில் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி, பின்னதுவவில் இறங்கினால் காலி நகரம் சில கிலோமீட்டரில். மட்டக்களப்பிலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், கல்முனையிலிருந்து 40 குறையும். நெடுஞ்சாலை அம்பாந்தோட்டை வரை நீண்டது 2020இல். அதற்கு முன் மாத்தறை ஊடாகக் கரையோரமாக ஊர்ந்த தூரத்தை இப்போது ஒன்றரை மணித்தியாலத்தில் ஓடிவிடலாம்.

இந்தப் பாதையில் கவனிக்க வேண்டியது யானை. பொத்துவில் தாண்டியதும் லாகுகலை. அப்புறம் புத்தல–கதிர்காமம் காட்டுப் பாதை. இரண்டாவதில் யானைகள் நடுவீதியில் நின்று வாகனத்தை மறித்துப் பழம் கேட்கப் பழகிவிட்டன. பழம் நீட்டாதீர்கள். நீட்டுகிறவர்களால்தான் அவை வீதிக்கு வருகின்றன, அடுத்த வேனின் கண்ணாடியும் உடைகிறது. யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், அது விலகும்வரை பொறுத்திருங்கள். உங்கள் பக்கமாகப் பெரிய பஸ் போனால் அதன் பின்னால் ஒட்டிப் போவது நல்லது. இரண்டு இடத்தையும் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி நேரத்தைப் பிடிக்க வேண்டும்: மட்டக்களப்பில் விடிய மூன்றரைக்கு, கல்முனையில் நாலரைக்கு வெளிக்கிட்டால் பொத்துவிலில் ஆறு மணி, வெளிச்சம் வந்திருக்கும். காலைச் சாப்பாடு மொனராகலையில். கதிர்காமத்தில் ஒன்பதரைக்குள் நிற்கலாம். கும்பிட்டு, பதினொன்றுக்குப் புறப்பட்டால் ஒன்றரைக்கெல்லாம் காலி.

நெடுஞ்சாலையில் ஏறுமுன் டீசலும் அடித்து, பிள்ளைகளை மலசலகூடத்துக்கும் அனுப்பிவிடுங்கள். உள்ளே நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

ரயிலில் போகிறவர்கள் மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலைப் பிடித்து விடியற்காலையில் கொழும்பு கோட்டையில் இறங்குங்கள். அங்கிருந்தே காலிக்குக் கரையோர ரயில், 116 கிலோமீட்டர், ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம். வலதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். கடல் அந்தப் பக்கம். திரும்பும்போது இடதுபக்கம். அவசரமென்றால் புறக்கோட்டையிலிருந்து 138 இலக்க வழியில் மாக்கும்புர போய் அதிவேகப் பஸ் எடுக்கலாம், ஒன்றேகால் மணித்தியாலமளவில் காலி பஸ் நிலையம். அந்தப் பஸ்ஸில் கடல் தெரியாது. காலி ரயில் நிலையமும் பஸ் நிலையமும் கோட்டைக்கு வெளியே, மைதானத்துக்கு எதிரே அடுத்தடுத்து இருக்கின்றன. பிரதான வாசலுக்கு ஐந்து பத்து நிமிட நடைதான், ஆட்டோ தேவையில்லை.

போகுமுன் நம் கோட்டை

மட்டக்களப்புப் புளியந்தீவில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) இருந்த கோட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். அது நான்கு கொத்தளம் கொண்ட சிறிய கோட்டை. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து 1638 மே மாதம் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் பிடித்த முதல் கோட்டை அதுதான். அந்த முற்றுகையில் இருந்த வில்லெம் யாகப்ஸ் கோஸ்டர்தான் 1640 மார்ச் மாதம் காலியையும் பிடித்தவர். அதே வருடம் கண்டியிலிருந்து கிழக்கே திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். காலியின் கிழக்கு மதிலில் ஒரு கொத்தளத்துக்கு அவர் பிறந்த ஊரான அக்கர்ஸ்லூட்டின் பெயர் இருக்கிறது. நம் கோட்டை வெறும் அரண். காலியோ மதிலுக்குள் ஒரு முழு ஊர்: 14 கொத்தளங்கள், வீடுகள், பள்ளிவாசல், தேவாலயங்கள், விகாரை, நீதிமன்றம், பள்ளிக்கூடம். இன்றும் சனம் குடியிருக்கும் ஊர் என்பதால் உள்ளே போக டிக்கெட் இல்லை, இரவில் வாசல் பூட்டுவதும் இல்லை. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தங்குவதும் வாகனமும்

கோட்டைக்குள் தெருக்கள் ஒடுக்கம், பல ஒருவழி. சிறிய வேன் உள்ளே போகும்; ஆனால் நிறுத்த இடம் தேடியே அரை மணித்தியாலம் போய்விடும். தங்குமிடத்தோடு பேசும்போதே “வேன் நிறுத்த இடம் இருக்கா?” என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் சாமான்களை இறக்கிவிட்டு வேனை வெளியே விடுவதுதான் வழி. பெரிய பஸ்ஸில் போகும் பாடசாலைக் குழுக்கள் வாசலுக்கு வெளியே இறங்கி நடக்க வேண்டும்.

கோட்டைக்குள் வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகள் நிறைய உண்டு. விலை வெளியூர்க் கையைப் பார்த்து வைத்தது. பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்கு வெளியே, நகரத்திலோ உனவட்டுனப் பக்கமோ எடுத்தால் கட்டுப்படியாகும். அப்படி எடுத்தால் காலையில் ஐந்தரைக்கு எல்லாரையும் எழுப்பும் பொறுப்பை யாராவது ஒருவர் ஏற்க வேண்டும்.

முதல் நாள் பின்னேரம்: மேற்கு மதில்

நாலேகாலுக்குப் பிரதான வாசலில் நில்லுங்கள். இந்த வாசல் ஒல்லாந்தர் வைத்ததல்ல, 1873இல் ஆங்கிலேயர் மதிலை வெட்டித் திறந்தது. நிலப்பக்கம் முழுவதையும் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர் வைத்த மூன்று பெரிய கொத்தளங்கள் காக்கின்றன. கடல் பக்கத்து மதிலை விட இவை உயரமும் பருமனும் கூட. எதிரி தரை வழியாகத்தான் வருவான் என்பது ஒல்லாந்தரின் கணக்கு. வாசலைக் கடந்ததும் வலதுகைப் பக்கம் ஏறினால் சந்திரக் கொத்தளம், அதன் மேல் 1883ஆம் ஆண்டு மணிக்கூட்டுக் கோபுரம். கீழே மைதானம், பஸ் நிலையம். 2004 சுனாமி அந்த வெளிப்பகுதியைத் துடைத்துக்கொண்டு போனது. மதிலுக்குள் இருந்த ஊருக்குப் பெரிய சேதம் இல்லை. அதே சுனாமி அழித்த நாவலடியையும் மருதமுனையையும் கண்ணால் கண்டவர்களுக்கு இந்த மதிலின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து கடலை வலதுகைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது. நட்சத்திரம், ஏயோலஸ், கிளிப்பன்பர்க், நெப்டியூன், திரித்தொன் என்று கொத்தளங்கள் வரிசையாக வரும். மெதுவாக நடந்தால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பாதுகாப்புப் படையினர் பாவிக்கும் பகுதியில் வேலியோ அறிவிப்போ இருந்தால் கீழே தெருவுக்கு இறங்கி அடுத்த படியால் ஏறுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

நடக்கும்போது ஓரிடத்தில் குந்தி மதிலின் கல்லைக் கிட்டப் பாருங்கள். கருங்கல்லுக்கு நடுவே வெள்ளையாக, துளைதுளையாக இருப்பது முருகைக்கல். சில துண்டுகளில் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் அப்படியே இருக்கும். பாசிக்குடாவில் கரையொதுங்கும் துண்டுகளில் பார்த்த அதே கோடு. கடலிலிருந்து முருகைக்கல்லை எடுத்து, அதையே சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அந்தச் சாந்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

மதிலுக்குக் கைபிடி கிடையாது. இது சும்மா சொல்லும் எச்சரிக்கை அல்ல. விளிம்பில் புல் வளர்ந்து, மதில் எங்கே முடிகிறது என்பதே சில இடத்தில் தெரியாது, கீழே பாறை. சின்னப் பிள்ளையின் கையை விடாதீர்கள். செல்பிக்காகப் பின்னுக்கு அடி வைக்காதீர்கள். தூறல் விழுந்தால் ரப்பர் செருப்பு வழுக்கும். பட்டி போட்ட சப்பாத்து நல்லது.

கொடிக் கம்பப் பாறை எனப்படும் தென்முனைக் கொத்தளத்துக்கு ஐந்தே முக்காலுக்குள் வந்துவிடுங்கள். பொழுது மாதத்தைப் பொறுத்து ஆறுக்குச் சற்று முன்பிருந்து ஆறரை வரைக்குள் சாயும். கடலில் சூரியன் எழுவதை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, அது கடலுக்குள் இறங்குவது புதுக்காட்சி. கூட்டம் முட்டும், திரித்தொன் பக்கம் நூறு அடி தள்ளி நின்றால் அதே சூரியன், ஆள் குறைவு. பாறையில் நின்று கடலுக்குள் குதித்துக் காட்டுகிறேன் என்று இளைஞர்கள் காசு கேட்பார்கள். பேசாமல் கைபேசியைத் தூக்கினால் பிறகு தொகை கேட்பார்கள். பார்க்க விருப்பமென்றால் முதலே பேசுங்கள். உங்கள் பிள்ளைகள் குதிக்கக் கூடாது. கீழே எந்தப் பாறை எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது.

சாப்பாடு

கோட்டைக்குள் உணவகங்கள் உல்லாசப் பயணிகளுக்கானவை. ஒரு சோற்றுக் கோப்பைக்கு நம் ஊரில் ஒரு குடும்பம் சாப்பிடலாம். பிரதான வாசலால் வெளியே நகரத்துக்குப் போனால் சாதாரண விலைக்குச் சோறு, கொத்து, அப்பம் எல்லாம் உண்டு. ஹலால் தேடும் காத்தான்குடி, கல்முனைக் குடும்பங்களுக்குச் சிரமமில்லை. கோட்டைக்குள்ளேயே முஸ்லிம் வீட்டுச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அங்கே தமிழில் கதைக்கலாம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள்தான் கவனம்: சம்பலிலும் பருப்பிலும் மாசி போடுவது தெற்கில் வழக்கம். “மரக்கறியா?” என்று கேட்டால் ஆம் என்பார்கள், அவர்களுக்கு மாசி மீன் கணக்கில் வராது. மாசியின் சிங்களப் பெயரைச் சொல்லி, “உம்பலகட போட்டிருக்கா?” என்றே கேளுங்கள்.

இரண்டாம் நாள் காலை: கிழக்கு மதில், பிறகு ஊருக்குள்

ஆறு மணிக்கு வெளிச்சவீட்டடி. முன்பு இருந்த பழைய வெளிச்சவீடு எரிந்துபோக, 1939இல் கட்டிய 26.5 மீட்டர் உயரக் கோபுரம் இது. மேலே ஏற விடமாட்டார்கள். மட்டக்களப்பில் நம் பாலமீன்மடு வெளிச்சவீடு இதைவிட மூத்தது, 1913. உயரமும் கொஞ்சம் கூட, 28 மீட்டர். சூரியன் எழும்பியதும் கோபுரத்தின் மேல் முன்வெயில் விழும், படத்துக்கு நல்லது. பக்கத்தில் 1782 என்று பொறித்த வெடிமருந்துக் கிடங்கு. மதிலின் கீழே சின்னக் கடற்கரை. அலை அடங்கிய நாளில் பிள்ளைகள் கால் நனைக்கலாம், அடியில் முருகைக்கல் கிடப்பதால் வெறுங்காலோடு இறங்க வேண்டாம்.

வெளிச்சவீட்டுக்கு எதிரே வெள்ளையாய், இரட்டைக் கோபுரத்தோடு தேவாலயம்போல் நிற்பது மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல், 1904. தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டு, காலணி கழற்றி உள்ளே போகலாம்; தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும்.

மதில் வழியே ஒரோரா, அக்கர்ஸ்லூட் கொத்தளங்கள் வரை நடந்து, அதற்கப்பால் பொலிஸார் இருக்கும் கறுப்புக் கோட்டைப் பக்கம் வழி அடைபடுவதால் வைத்தியசாலைத் தெருவுக்கு இறங்குங்கள். ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடம் இப்போது கடைகளும் உணவகங்களுமாக இருக்கிறது. நீதிமன்றச் சதுக்கத்து மரநிழலைத் தாண்டினால் பழைய வாசல். 1873 வரை கோட்டைக்கு இதுதான் ஒரே பெருவாசல். வெளிப்பக்கம் ஆங்கிலேய முடிச்சின்னம். வாசலுக்குள் புகுந்து திரும்பிப் பாருங்கள்: உள்பக்கம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் VOC என்ற மூன்றெழுத்து, இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. பலர் வெளிப்பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறார்கள். வாசலை ஒட்டிய நீண்ட பண்டகசாலையில் கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளூராருக்கு டிக்கெட் விலை குறைவு, அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

வெயில் ஏறியதும் தேவாலயத் தெரு. 1755இல் முடித்த ஒல்லாந்தர் தேவாலயத்தின் தரை முழுவதும் கல்லறைக் கற்கள். மண்டையோடும் எலும்பும் செதுக்கியவை, எழுத்து காலால் தேய்ந்தவை. பக்கத்தில் 1701ஆம் ஆண்டு மணிக்கோபுரம். மீதித் தெருக்களுக்குத் திட்டம் தேவையில்லை. கோட்டை சின்னது, எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் மதில் தட்டும்.

கடைகளில் இரண்டு விஷயம். மண்ணில் எடுத்த ஒல்லாந்தர் காசு என்று கையில் வைத்துக் காட்டுகிறவர்களிடம் வாங்காதீர்கள், புதிதாக வார்த்துக் கறுப்பேற்றியவை அதிகம். மாணிக்கக் கல் வாங்குவதானால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடையில் அவருடைய பங்கும் விலைக்குள் இருக்கும்.

காலியில் தேடி, காலியில் கிடைக்காத கல்

தமிழ் படித்த யாரும் காலியில் கேட்பது மும்மொழிக் கல்வெட்டைத்தான். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்து நாட்டிய கல். 1409ஆம் ஆண்டு பொறித்தது. சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றி, பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைகளை அடுக்குகிறது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த நிலையில் கண்டெடுத்தார்கள். மூலக் கல் இருப்பது கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்தில். ரயிலில் போகிறவர்கள் திரும்பும் வழியில் கொழும்பில் அரை நாள் ஒதுக்கினால் பார்க்கலாம்.

வேன்காரர்களுக்கு அதற்குப் பதிலாகத் தெவிநுவர உண்டு. அந்த நாயனார் கோயில் இருந்த ஊர், மாத்தறையிலிருந்து ஆறு கிலோமீட்டர். 1344இல் மொரோக்கோப் பயணி இபன் பதூதா அந்தக் கோயிலைக் கண்டு எழுதிவிட்டுக் காலிக்கும் போனார். 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இப்போது அங்கே விஷ்ணு தேவாலயம் இருக்கிறது.

திரும்புதல்

பத்தரைக்குக் கோட்டையை விட்டுவிட வேண்டும். தெவிநுவரவும் சேர்த்தால் ஒன்பதரைக்கே. காலைச் சுற்றில் அருங்காட்சியகத்தை வெட்டுங்கள், மதிலை வெட்டாதீர்கள். பின்னதுவவில், தெவிநுவர போனவர்கள் மாத்தறையில் கொடகமவில், நெடுஞ்சாலை ஏறி, மத்தலையில் இறங்கி, கதிர்காமத்தில் இரண்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்தால் புத்தல காட்டுப் பாதையை வெயிலோடு கடக்கலாம், லாகுகலையையும் இருட்டுமுன் தாண்டலாம். கதிர்காமத்திலேயே நாலு மணி ஆகிவிட்டதென்றால் சாரதியை வற்புறுத்தாதீர்கள். அங்கேயே மடத்தில் தங்கி விடிய வெளிக்கிடுங்கள். மறுநாள் வேலைக்கு அரை நாள் லீவு போட்டால் போகிறது.